மேலிருந்து ஆர்டர் வரணுமா? ஆஸ்பத்திரியை உள்ளிருந்தே மாற்றும் 4 படிகள்

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். உத்திரமேரூர் அரசு மருத்துவமனையோ, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையமோ, பிரசவம் எங்கே நடந்தாலும் உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதுதான். நர்ஸுகளுக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒரு வார்டில் தாமதமானால் என்ன செய்வது?

அதற்கான பயிற்சிதான் 'பி.ஓ.சி.க்யூ.ஐ'. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகமும் டெல்லி எய்ம்ஸும் சேர்ந்து உருவாக்கியது. கையேடு இணையத்தில் இலவசம்.

என்ன செய்யணும்?

1. ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள். டீம் அமைத்து இலக்கை எழுதுங்கள். டாக்டர் மட்டுமல்ல, நர்ஸ், ஆயாம்மாவும் டீமில் வேண்டும்.

2. தாமதம் ஏன் என்று அலசுங்கள். எத்தனை குழந்தைகளுக்குத் தாமதம் என்று தினமும் எண்ணுங்கள்.

3. ஒரு மாற்றத்தைச் சோதியுங்கள். உதாரணமாக, நன்றாக அழும் குழந்தைக்கு எடை பார்ப்பதைத் தள்ளிவைத்து, முதலில் அம்மாவின் நெஞ்சில் படுக்க வைக்கலாம்.

4. பலன் தெரிந்தால் அதையே வார்டின் வழக்கமாக்குங்கள்.

'ஒரு நாள்ல என்ன தெரியும்?'

சோதனைக்கு ஒரு நாள், ஒரு ஷிஃப்ட் போதும். சரிப்படாத யோசனை அதிலேயே தெரிந்துவிடும். பெரிய செலவும் இல்லை.

அடுத்த ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகும்?

சர்க்குலர் மட்டும் போதாது. அங்கே இடம் வேறு, ஆட்கள் வேறு. அவர்களும் சோதித்துத்தான் பார்க்கணும். அதனால் ஜெயித்த யோசனையோடு, தோற்றதையும் சேர்த்தே சொல்லுங்கள்.