சோடாவைத் தனியாகக் கட்டுங்கள்

பவானியிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் வேலைக்காகப் புனேயில் இருக்கிறான். மகள் படிப்புக்காக ஜெர்மனி போயிருக்கிறாள். இருவருக்கும் வீட்டிலேயே தோசை மிக்ஸ் தயாரித்து அனுப்புகிறாராம். பச்சரிசியையும் உளுத்தம்பருப்பையும் வாசம் வரும்வரை வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, உப்பும் சமையல் சோடாவும் கலந்து பாக்கெட் போடுகிறார். "மகன் எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டுக்குவான். மகள்தான், தோசை வறட்டுனு இருக்கும்மா, வெள்ளையாவே வேகுது, சோப்பு வாடை அடிக்குதுங்கறா. எங்கே தப்பு?" என்று கேட்டிருக்கிறார்.

வறுத்ததும், சோடாவை முன்கூட்டியே கலந்ததும்தான் காரணம். ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டுமானால் உளுந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசியாக வேண்டும். எனக்கு அதில் ஆசையும் உண்டு.

தோசை மாவில் உளுந்து நாலில் ஒரு பங்குதான் இருக்கும். பொங்க வைக்கும் பொறுப்பு மட்டும் முழுக்க அதனுடையது. அரிசியை மட்டும் அரைத்து வைத்தாலும் புளிக்கும், வாயுவும் உண்டாகும். அந்த வாயு மேலே ஏறி வெடித்து வெளியே போய்விடும். உளுந்து சேர்ந்தால்தான் அது மாவுக்குள்ளேயே தங்குகிறது. மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் சுசீலம்மா, ராவ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1970களில் இந்தப் புதிரை எடுத்துக்கொண்டார்கள். உளுந்துக்குள் இரண்டு பொருள்கள் சேர்ந்து வேலை செய்வதாகக் கண்டார்கள். ஒன்று, குளோபுலின் வகைப் புரதம். அது ஒவ்வொரு குமிழைச் சுற்றியும் மெல்லிய படலமாகப் படர்ந்துகொள்கிறது. இன்னொன்று, அராபினோகேலக்டன் என்ற கொழகொழப்பான மாவுப்பொருள். உளுந்தை ஊறவைத்துக் கையால் பிசைந்தால் விரலில் நூல் இழுக்கிறதே, அதைத் தருவது இதுதான். குமிழ்களுக்கு இடையே உள்ள நீரை இது வடியவிடாது. சூடு பட்டு வேகும்போதும் துளைகள் அமுங்கிப் போகாமல் தாங்கிப் பிடிக்கும்.

குழித்தறிச் சத்தம் கேட்காத தெருவே இல்லாத பவானியில் வளர்ந்தவன் நான். பாவு நூலை எவ்வளவு விறைப்பாக இழுத்துக் கட்டினாலும் ஊடை விழாமல் ஜமக்காளம் ஆகாது. வெறும் ஊடையால் தரையில் விரிக்க ஒன்றும் கிடைக்காது. உளுந்தின் புரதமும் பசையும் அப்படித்தான். புரதம் கெட்டுவிட்டால் பசை மட்டும் மிஞ்சி மாவு கொழகொழக்கும், பொங்காது. வாசம் வரும்வரை வறுக்கும்போது நடப்பது அதுவே. சூட்டில் புரதம் இறுகி, தண்ணீரில் கரையும் குணத்தை இழக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை சோடா போட்டாலும் வாயுவைப் பிடித்து வைக்க ஆளில்லை. தோசை வறண்டு போவது இதனால்தான்.

வறுப்பதால் இன்னொரு நஷ்டமும் உண்டு. மாவைப் புளிக்க வைப்பது ஈஸ்ட் என்றே பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா ஊர் ஆய்வு நிலையத்தில் முகர்ஜியும் அவருடைய கூட்டாளிகளும் இட்லி மாவை ஆராய்ந்து 1965இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாவை உப்ப வைப்பது முக்கியமாக லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா என்பது அவர்கள் முடிவு. இந்த நுண்ணுயிரை நாம் எங்கிருந்தும் வாங்கி வந்து சேர்ப்பதில்லை. அரிசியோடும் உளுந்தோடும் அது வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஈரம் இல்லாத மாவில் செயலற்றுக் கிடக்கும். தண்ணீரும் கதகதப்பும் கிடைத்தால் எழுந்துகொள்ளும். வறுக்காமல் அரைத்த மாவைக் கரைத்து ஓர் இரவு வைத்தால், கிரைண்டரில் ஆட்டிய மாவைப் போலவே புளிக்கும். அந்தத் தாயார் வாணலியில் போட்டு வறுத்தது இந்த உயிரையும் சேர்த்துத்தான்.

மிக்ஸ் என்பது புது யோசனை அல்ல. எமர்ஜென்சி காலத்தில் ஓட்டல் பண்டங்களின் விலையை அரசு கட்டுப்படுத்தியபோது பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம் பாக்கெட் மிக்ஸ் விற்பனையில் இறங்கிய கதை பலருக்கும் தெரியும். கடையில் வாங்குவது மாதக்கணக்கில் அலமாரியில் இருக்க வேண்டும், பத்து நிமிடத்தில் தோசையாக வேண்டும். அவர்களுக்குச் சோடா தேவை. தெரிந்த ஒருவருக்காக வீட்டில் அரைப்பவர் ஏன் அந்த வழியிலேயே போக வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. சுவையில் வரும் குறையை மறைக்க இன்னும் ஒரு சிட்டிகை சோடா, அதற்கு மேல் இன்னும் ஒரு சிட்டிகை என்று போய்க்கொண்டே இருக்கிறோம். மிஞ்சிய சோடா மாவைக் காரமாக்கிச் சோப்புச் சுவை தருகிறது. உளுந்தில் உள்ள பி1 வைட்டமினையும் அழிக்கிறது. பிள்ளை நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றுதானே இத்தனை பாடும்?

செய்யும் விதத்துக்கு வருகிறேன். பச்சரிசி மூன்று பங்கு, தோல் நீக்கிய முழு உளுந்து ஒரு பங்கு, கெட்டி அவல் கால் பங்கு, கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் வெந்தயம். அவல் ஏற்கெனவே வெந்து காய்ந்த பொருள். தண்ணீர் பட்டதும் உறிஞ்சி வைத்துக்கொள்வதால் தோசை மெத்தென்று இருக்கும். அரிசியை மட்டும் கழுவி, நிழலில் உலர்த்தி, பிறகு வெயிலில் ஒரு நாள் காய வையுங்கள். உளுந்தைக் கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து வெயிலில் போட்டாலே போதும். மாசி, பங்குனி வெயில் இதற்கு வாய்த்தது. ஐப்பசியில் இந்த வேலையைத் தொடாதீர்கள். மாவில் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

மில்லில் கவனம் வேண்டும். ஈரமாக ஆட்டும்போது மாவு அவ்வளவாகச் சூடேறாது. நம் கோவை வெட் கிரைண்டரின் அருமையே அதுதான். மில்லில் உலர அரைக்கும்போது மாவு கைபொறுக்காத சூட்டில் விழும். வறுக்காமல் காப்பாற்றிய புரதத்தை அங்கே பாழாக்கக் கூடாது. அவசரப்படாமல் இரண்டு தடவையாக ஓட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணியில் பரப்பி முழுக்க ஆறவிட்டுப் பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். இன்னொன்று, நம் ஈரோட்டுப் பக்கம் மில்லில் மஞ்சள் அரைக்காத நாள் குறைவு. மஞ்சளுக்குப் பிறகு உங்கள் மாவு விழுந்தால், சோடா அதிகமான தோசையில் அங்கங்கே செம்மண் நிறம் தெரியும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து குங்குமம் சிவப்பதும் இதே வேதியியல். பயப்பட ஒன்றுமில்லை, இருந்தாலும் அரிசி அரைக்கும் நேரம் பார்த்துப் போவது நல்லது.

மாவு ஆறிய பின் நாலு நாள் ஃப்ரீசரில் வைத்தால் அதிலுள்ள வண்டு முட்டைகள் செத்துவிடும். பையைத் திறக்காமலே வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். முந்தினால் பனி ஈரம் மாவில் இறங்கிவிடும்.

இனி சோடா. சமையல் சோடா அமிலத்தோடு சேர்ந்தால் ஒரு கிராமுக்குக் கால் லிட்டருக்கும் சற்று அதிகமான கரியமில வாயு வெளிவரும். 4 கிராம் சோடாவுக்கு 3 கிராம் சிட்ரிக் அமிலம் என்பது இரண்டும் ஏறத்தாழ மிச்சமில்லாமல் தீரும் கணக்கு. ஆனால் மாவில் இருக்கும் சிறு ஈரமே போதும், இரண்டும் பாக்கெட்டுக்குள்ளேயே மெல்ல வினைபுரியத் தொடங்கிவிடும். ஜெர்மனி போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்துப் பிரிக்கும்போது வாயுவில் ஒரு பங்கு போயிருக்கும். அதனால் சோடாவை ஒரு பொட்டலம், எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தை ஒரு பொட்டலம் என்று தனித்தனியாகக் கட்டுங்கள்.

அப்படிக் கட்டினால் ஒரே மாவில் இரண்டு வழி கிடைக்கும். அவசரமான காலையில் ஒரு கப் மாவுக்கு ஒன்றேகால் கப் தண்ணீர் விட்டு, முட்டை அடிக்கும் கரண்டியால் இரண்டு நிமிடம் நன்றாக அடிக்க வேண்டும். கிரைண்டர் செய்யும் வேலை இது, விட்டுவிடக் கூடாது. உலர அரைத்த மாவு நிதானமாகத்தான் தண்ணீர் குடிக்கும், இருபது நிமிடம் ஊறட்டும். அரை டீஸ்பூன் சர்க்கரை சேர்த்தால் தோசை சிவக்கும். புளிக்கும்போது தானாக உண்டாகும் சர்க்கரை இங்கே இல்லையே. கல் காய்ந்த பிறகு சிட்ரிக் அமிலத்தில் இரண்டு சிட்டிகை கரைத்து, கடைசியில் சோடா இரண்டு சிட்டிகை. கலந்ததும் ஊற்றிவிட வேண்டும்.

சனிக்கிழமை இரவில் வேறு வழி. சோடாவும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். அதே மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அடித்து, உப்புப் போட்டு, ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்துவிடலாம். குளிர் தேசத்தில் நம்மூர் போல எட்டு மணி நேரத்தில் பொங்காது. ஞாயிறு மதியம்வரை விட்டுவிடச் சொல்லுங்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சோறு சமைக்கச் சொல்லித் தருகிறோம், சாம்பாருக்குப் புளி கரைக்கச் சொல்லித் தருகிறோம். மாவைப் புளிக்க வைக்க மட்டும் அவர்களால் ஆகாது என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். அம்மாவின் மாவில் நம்மூர் நுண்ணுயிர் உயிரோடு போகிறது. அதை எழுப்பும் வேலையை அவர்களிடம் நம்பிக் கொடுக்கலாம்.

பயணப் பெட்டி விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. புளிப்புக்காக மோர்ப்பொடி, பால்பொடி சேர்க்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பயணிகள் பால் பொருள் கொண்டுபோக அனுமதி இல்லை. அமெரிக்கா போகிறவர்கள் அரிசியை முழுதாக எடுத்துப் போகக் கூடாது. கப்ரா வண்டு நுழைந்துவிடும் என்று இந்தியாவிலிருந்து வரும் அரிசியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். மாவு அரைத்த தேதியைப் பையின் மேல் எழுதுங்கள், மூன்று மாதத்துக்குள் தீர்க்கச் சொல்லுங்கள். பொட்டலங்களின் மேலும் பெரிய எழுத்தில் 'சோடா', 'எலுமிச்சை உப்பு' என்று எழுதிவிடுங்கள். இரண்டும் வெள்ளைப் பொடி, பக்கத்தில் சாதாரண உப்பும் இருக்கும்.