முதல் வில் வாங்குமுன்

அட்டப்பாடி, மறையூர்ப் பக்கத்து இளைஞர்கள் வேட்டைக்கு எந்த வில் நல்லதென்று என்னிடம் கேட்பதுண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குச் சிறைதான், தம்பிகளே! 1802-இல் வயநாட்டுக் குறிச்சியர் பனமரம் கோட்டையைத் தாக்கிய வில் மரபு இனி இலக்குப் பலகையில் வாழட்டும். தேசியப் போட்டிகளின் இந்தியன் ரவுண்ட் பிரிவில் மூங்கில் வில்லால் 30, 50 மீட்டர் தூரம் எய்கிறார்கள், விலையும் குறைவு.

பலத்தைக் காட்ட 45 பவுண்டு வில் எடுத்தால் தோள்பட்டைதான் போகும். தொடக்கத்துக்கு 20 பவுண்டு இழுவிசை போதும். நாணை முகவாய்வரை இழுத்து, 10 விநாடி கை நடுங்காமல் நிறுத்த முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் இலகுவானதைக் கேளுங்கள். கடையில் அம்பில்லாமல் நாணை விட்டுப் பார்க்காதீர்கள்; வில் முறிந்துவிடும்.