மரபுவழி நோயெதிர்ப்புக் குறைபாடுகளும் நாட்பட்ட பூஞ்சைத் தொற்றும்

மரபுவழி நோயெதிர்ப்புக் குறைபாடுகள் என்பவை, உடலின் எதிர்ப்பாற்றலுக்குரிய மரபணுக்களில் ஏற்படும் சடுதிமாற்றங்களால் உண்டாகும் நோய்களாகும். இவற்றுள் சில, நலமான உடலில் பொதுவாகத் தீங்கு செய்யாத பூஞ்சைகள்கூட ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்க இடமளிக்கின்றன. எயிட்சு நோயைப் போல் இவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

பாதுகாப்பு முறை

காண்டிடா என்னும் பூஞ்சை பலரின் வாயிலும் குடலிலும் இயல்பாகவே வாழ்கிறது. தோலிலும் சளிச்சவ்விலும் அதைக் கட்டுக்குள் வைப்பதில் இன்டர்லியூக்கின்-17 என்னும் புரதம் முதன்மைப் பங்கு வகிக்கிறது. உள்ளுறுப்புகளில் ஊடுருவும் பூஞ்சைகளை அழிப்பதில் நியூட்ரோபில் எனப்படும் வெள்ளையணுக்கள் முக்கியமானவை. எந்தப் படி பழுதாகிறதோ அதற்கேற்ப நோயின் இடமும் கடுமையும் மாறுகின்றன.

முக்கிய வகைகள்

* நாட்பட்ட சளிச்சவ்வுத்தோல் காண்டிடா நோய்: வாய், நகம், தோல் ஆகியவற்றில் தொற்று மீண்டும் மீண்டும் தோன்றும். ஸ்டாட்1 மரபணுவின் மிகைச் செயல்பாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம் என 2011 இல் கண்டறியப்பட்டது.
* ஏப்பெசெட்: எயர் மரபணுவின் பழுதால் வருவது, அம்மரபணு 1997 இல் இனங்காணப்பட்டது. இதில் உடலே இன்டர்லியூக்கின்-17 இற்கு எதிரான எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அண்ணீரகச் சுரப்பியும் பாதிக்கப்படலாம்.
* கார்டு9 குறைபாடு: 2009 இல் ஓர் ஈரானியக் குடும்பத்தில் விவரிக்கப்பட்டது. பூஞ்சை மூளை வரை பரவக்கூடும்.
* நாட்பட்ட குருணைக்கட்டி நோய்: வெள்ளையணு கிருமியை விழுங்கினாலும் அதைக் கொல்லத் தேவையான வினைமிகு ஆக்சிசன் சேர்மங்களை உருவாக்க இயலாது. அசுபெர்சிலசு பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். பெரும்பாலும் ஆண் குழந்தைகளிடம் காணப்படும்.

மரபுவழி

ஒடுங்கு மரபில், பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25% ஆகும். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் உறவுமுறைத் திருமணங்கள் ஏறத்தாழ 28%. இந்திய அளவில் 11%. குறிப்பிட்ட ஒரு மரபணுவில் ஒரே மூதாதையின் படியை இருவழியிலும் பெறும் வாய்ப்பு, தாய்மாமனை மணந்தவரின் குழந்தைக்கு 1/8. அத்தை மகன், மாமன் மகள் இணையரின் குழந்தைக்கு 1/16. எனினும் ஸ்டாட்1 மிகைச் செயல்பாடு ஓங்கு மரபில் வருவது. அதற்கு உறவுத் திருமணம் தேவையில்லை.

நோயறிதல்

பச்சிளங் குழந்தைகளின் வாய்ப்புண் பொதுவானது, எளிதில் ஆறிவிடும். மருந்துக்குப் பின்னும் திரும்பத் திரும்ப வருதல், நகங்களில் பரவுதல், வளர்ச்சிக் குறைவு, உடன்பிறந்தோர் சிறுவயதில் இறந்த வரலாறு ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். தருமபுரி மாவட்டத்து ஏரியூர் போன்ற ஊரகப் பகுதிகளில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இவற்றைக் கவனிப்பது நோயறிதலை விரைவுபடுத்தும். எச்.ஐ.வி., நீரிழிவு போன்ற காரணங்கள் இல்லை என உறுதிசெய்த பின் எதிர்ப்பாற்றல் சோதனைகளும் மரபணு ஆய்வும் செய்யப்படும். குருணைக்கட்டி நோயுள்ளோருக்குப் பி.சி.ஜி. தடுப்பூசி தீங்கு விளைவிக்கலாம். எனவே அந்நோய் கண்ட குடும்பத்தினர், அடுத்த குழந்தை பிறக்கும் முன்பே மருத்துவரிடம் அதைத் தெரிவிக்க வேண்டும்.

சிகிச்சை

காண்டிடா தொற்றுக்குப் புளூக்கோனசோல் வழங்கப்படுகிறது. குருணைக்கட்டி நோயில் இட்ராக்கோனசோல், கோட்ரைமாக்சசோல் ஆகியவை தடுப்பு மருந்தாகத் தொடர்ந்து தரப்படுகின்றன. குருத்தணு மாற்றம் அதனை முற்றிலும் குணப்படுத்தக்கூடும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மச்சை மாற்றம் நடைபெறுகிறது. நடுவண் அரசின் 2021 ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில் குருணைக்கட்டி நோய் முதற் பிரிவில் இடம்பெற்றுள்ளது.