உயர்த்திய ஜீப்பில் அந்தக் கம்பி இருக்க வேண்டுமா?

ஜீப்பையோ டபிள் கப் வாகனத்தையோ உயர்த்தும்போது பல இடங்களில் கழன்று மூலைக்குப் போகிற சாமான் ஒன்று இருக்கிறது. ஸ்டெபிலைசர் பார் என்று திருத்துநர்கள் சொல்லும் வளைந்த இரும்புக் கம்பி அது. அது இல்லாமலும் வாகனம் ஓடும், பிரேக் பிடிக்கும். சந்தைக்குப் போய்வரும் வேகத்தில் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் தெரிய வருகிற அந்தக் கணத்தில் சாரதிக்கு யோசிக்க நேரம் இருக்காது.

மருதனார்மடம் சந்தியில், மரக்கறி இறக்க வரும் லான்ட்மாஸ்ரர்களுக்கு நடுவே, பெரிய ரயரோடு உயர்ந்து நிற்கும் வாகனங்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். அவை தோட்டத்துக்குப் போகிற வாகனங்கள் மட்டுமல்ல. குடும்பத்தோடு வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போகிறவையும் அவைதான். ஆகவே இந்தக் கம்பியைப் பற்றி விளக்கமாக எழுதுவது தேவை என்று பட்டது.

கம்பி செய்கிற வேலை

ஸ்டெபிலைசர் பார் 'ப' வடிவில் வளைந்தது. அதன் நடுப்பகுதி ரப்பர் புஷ்களுக்குள் வாகனச் சட்டத்தோடு பிடித்திருக்கும். இரண்டு முனைகளும் சிறிய லிங்க்குகளால் இடது, வலது சில்லுகளின் பக்கம் இணைக்கப்பட்டிருக்கும். இரண்டு சில்லும் ஒன்றாக ஒரு மேட்டில் ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், எதையும் எதிர்க்காது. ஒரு சில்லு மட்டும் மேலே போனால் கம்பி முறுகும். ஈரத் துணியைப் பிழியும்போது கைகளுக்கு வரும் எதிர்ப்பைப் போன்றது அது. அந்த முறுக்கம்தான் வளைவில் வாகனம் ஒரு பக்கம் சரிவதைத் தடுக்கிறது.

கம்பியின் தடிப்பில் சிறு மாற்றமும் பெரிய வித்தியாசம் தரும். முறுக்கத்துக்கு எதிரான பலம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 20 மில்லிமீற்றர் கம்பியை விட 22 மில்லிமீற்றர் கம்பி கிட்டத்தட்ட 46 வீதம் கூடுதல் விறைப்பானது.

உயர்த்தும்போது என்ன நடக்கிறது?

வாகனம் கவிழுமா என்பதை மதிப்பிட ஓர் எளிய கணக்கு உண்டு. இடது வலது சில்லுகளுக்கு இடையிலான தூரத்தில் பாதியை, நிலத்திலிருந்து வாகனத்தின் பார மையம் இருக்கும் உயரத்தால் பிரிக்க வேண்டும். அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2001 முதல் கவிழும் அபாயத்தை மதிப்பிட இந்த எண்ணைப் பயன்படுத்தி வருகிறது. எண் கூடினால் நல்லது.

சில்லுகளுக்கு இடையே 150 சென்ரிமீற்றர், பார மையம் 70 சென்ரிமீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 75ஐ 70ஆல் பிரித்தால் 1.07. பார மையம் 5 சென்ரிமீற்றர் உயர்ந்தால் 1.0. 10 சென்ரிமீற்றர் உயர்ந்தால் 0.94. சாதாரண கார்களுக்கு இது 1.3க்கு மேல் இருக்கும். கூரையில் சாமான் கட்டினாலும் பின்தட்டில் ஆட்கள் நின்றாலும் இது இன்னும் குறையும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கம்பியைப் பூட்டி வைத்திருப்பதால் பார மையம் கீழே இறங்காது. உயர்த்தியதால் வந்த நட்டத்தை அது முழுதாக ஈடுசெய்யாது. ஆனால் உடல் சரிகிற அளவையும் வேகத்தையும் குறைக்கும். பார மையம் உயர்ந்த வாகனம் கூடுதலாகச் சரியப் பார்க்கும். அதாவது கம்பி முன்னரை விடக் கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அதைக் கழற்றுகிறார்கள்.

ஏன் கழற்றுகிறார்கள்?

ஒரு காரணம் நியாயமானது. குண்டும் குழியுமான பாதையில் ஒவ்வொரு சில்லும் தன்பாட்டில் ஏறி இறங்க வேண்டும். கம்பி அதை மறிக்கும். ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினால் அது வீணாகச் சுற்றும், வாகனம் நகராது. பழைய வில்லிஸ் ஜீப்பிலும் லான்ட் ரோவர் சீரிஸ் வாகனங்களிலும் இந்தக் கம்பி இருக்கவில்லை. அவற்றின் விறைப்பான பட்டை ஸ்பிரிங்குகளும் குறைந்த வேகமும் அதைச் சமாளித்தன.

மற்றக் காரணம் வேலைச் சுருக்கம். வாகனத்தை உயர்த்தியதும் பழைய லிங்க் எட்டாது, கம்பி தவறான கோணத்தில் இழுபடும். சரியான வழி நீளமான லிங்க் பூட்டுவது, அல்லது கம்பியின் பிடியை அதே அளவு கீழே இறக்குவது. அந்தச் சாமான் கையில் இல்லாவிட்டால் கழற்றிவிடுவது சுகம்.

எங்கள் திருத்துநர்களின் பழக்கத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார்களை ஓட்டியவர்கள் நாங்கள். கிடைக்காத சாமானைக் கழற்றிவிட்டு, இருப்பதைக் கொண்டு ஓடவைத்ததால்தான் நோயாளியும் பிள்ளைத்தாச்சியும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கெட்டித்தனம் உயிர் காத்தது. அந்தக் கார்கள் உடைந்த வீதிகளில் மெதுவாக ஓடின என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஏ-9 இல் மாடு

இன்றைய ஏ-9 வீதி வேறு. காப்பெற் வீதி வேகத்துக்கு ஆசை காட்டுகிறது. இரவில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும். சாரதி சட்டென்று வலப்பக்கம் வெட்டுகிறார், எதிரே வெளிச்சம் தெரிந்ததும் இடப்பக்கம் திருப்புகிறார். முதல் வெட்டில் வாகனம் ஒரு பக்கம் சரிகிறது. இரண்டாவது வெட்டில் அந்தச் சரிவு மறுபக்கம் வீசி எறியப்படுகிறது. பெரும்பாலும் கவிழ்வது இந்த இரண்டாவது வீச்சில்.

சுவீடனில் காட்டுமான் வீதிக்குக் குறுக்கே வரும். அங்கே இதே வெட்டை வைத்துப் புதிய வாகனங்களைச் சோதிக்கிறார்கள். 1997இல் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் இந்தச் சோதனையில் கவிழ்ந்தது. நிறுவனம் அதன் சஸ்பென்ஷனை மாற்றி, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு முறையையும் பூட்டியது. 2016இல் ரொயோட்டா ஹைலக்ஸ் அதே சோதனையில் இரண்டு சில்லில் எழுந்து நின்றது. இவை எதையும் கழற்றாத, உயர்த்தாத, தொழிற்சாலையிலிருந்து வந்த வாகனங்கள்.

முன்பக்கக் கம்பியை மட்டும் கழற்றினால் இன்னொரு சிக்கல். சரிவைத் தாங்கும் வேலை பின்பக்கத்துக்குப் போகிறது. சடுதியாகத் திருப்பும்போது வால் பக்கம் வழுக்கி வெளியே போகப் பார்க்கும். மழை பெய்த வீதியில் அதைத் திருப்பிப் பிடிப்பது அனுபவசாலிக்கும் கடினம்.

அப்படியானால் என்ன செய்வது?

வீதியில் ஓடும் உயர்த்திய வாகனத்தில் கம்பி இருக்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ற லிங்க் கிடைக்கும் வரை உயர்த்துவதைத் தள்ளிப் போடுவது நல்லது. வன்னியின் குளக்கட்டுப் பாதைகளிலும் காட்டோரங்களிலும் உண்மையிலேயே வேலை இருப்பவர்களுக்கு, கையால் கழற்றிப் பூட்டக்கூடிய லிங்க்குகள் இருக்கின்றன. பாதை கெட்ட இடத்தில் கழற்றி, மெதுவாக ஓடி, தார் வீதிக்கு ஏறுமுன் பூட்ட வேண்டும். ஜீப் ரங்லர் ரூபிகன் வாகனத்தில் முன்கம்பியை விடுவிக்க ஒரு சுவிச்சே இருக்கிறது. வேகம் கூடினால் அது தானாக மீண்டும் இணைந்துவிடும். செய்தவர்களே வேகத்தில் அதை இல்லாமல் விடவில்லை.

மணற்காட்டு மணலில் ஓடுவதற்காகக் கழற்றுவதில் பெரிய பலன் இல்லை. மணலில் உதவுவது ரயரின் காற்றைக் குறைப்பது. வீதிக்கு வந்ததும் காற்றை மீண்டும் அடிக்க வேண்டும்.

பழைய வாகனம் வாங்குகிறவர்கள் முன்சில்லுகளுக்கு இடையே குனிந்து பார்க்க வேண்டும். குறுக்கே போகும் 'ப' வடிவக் கம்பி இருக்கிறதா, முனைகளில் லிங்க் பூட்டியிருக்கிறதா, இல்லை வெறும் போல்ற் ஓட்டைகள்தான் இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். புஷ் தேய்ந்து கடகடக்கும் கம்பியும் அரைவாசி வேலைதான் செய்யும். உயரத்தை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லையும் கிபிரையும் தாண்டி வந்த குடும்பங்கள்தான் இன்று இந்த வாகனங்களின் பின் இருக்கையில் இருக்கின்றன. ஒரு சோடி நீள லிங்க், நான்கு போல்ற், ஒரு மணித்தியால வேலை. உயர்த்தச் செலவழிக்கிற காசில் அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.