கீழ்பென்னாத்தூரில் எத்தனை எழுத்து? ஒரு பொது கோட் லைப்ரரியின் அவசியம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். இந்தப் பெயரில் எத்தனை எழுத்து? கீ, ழ், பெ, ன், னா, த், தூ, ர் என மொத்தம் 8. ஆனா, ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளத்தைக் கேட்டா 16னு சொல்லும். யூனிகோடில் 'க' தனி, அதன் ஈகாரக் குறி தனி, மெய்யெழுத்தின் புள்ளியும் தனி. அதுதான் காரணம்.

ஊர்ப் பெயருக்கு '15 போதும்'னு படிவத்தில் வரம்பு வெச்சா, கடைசிப் புள்ளி வெட்டுப்படும். ரசீதில் 'கீழ்பென்னாத்தூர' என்றுதான் அச்சாகும்.

காப்பி பேஸ்ட் பண்ணா என்ன?

ஒரு டீம் மூணு வெப் ஆப் செய்யுதுன்னு வெச்சுக்கலாம்: பள்ளிக் கட்டணம், கடை பில்லிங், அறை முன்பதிவு. தமிழ் எழுத்தைச் சரியா எண்ணும் கோடை முதல் ஆப்பில் எழுதி, மத்த ரெண்டிலும் ஒட்டுறாங்க. ஆறு மாசம் கழிச்சு, 'லக்ஷ்மி'யை 3 எழுத்துக்குப் பதில் 4னு எண்ணுவது தெரியவருது. ஒரு ஆப்பில் திருத்திடுவாங்க. மத்த ரெண்டும்? பெரும்பாலும் மறந்துபோகும்.

அந்தக் கோடை ஒரே இடத்தில் தனி லைப்ரரியா வெச்சு, மூணு ஆப்பும் அங்கிருந்தே எடுத்துக்கிட்டா, திருத்தம் ஒரு தடவை போதும். பைத்தானில் இதுக்குத் தயாராவே ஒண்ணு இருக்கு: 'ஓப்பன்-தமிழ்'. 'எழில்' நிரலாக்க மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையின் முயற்சியில் வளர்ந்த இந்தத் திறமூல லைப்ரரி, சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

இதில் ஆபத்தே இல்லையா?

இருக்கு. 2016 மார்ச் 22 அன்று, 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை, ஒரு பெயர்த் தகராறு காரணமாக அதை எழுதியவரே என்பிஎம் தளத்திலிருந்து நீக்கினார். அதை நம்பியிருந்த ஏராளமான ப்ராஜெக்ட்டுகளை பில்ட் செய்ய முடியாமல் போனது. சில மணி நேரத்தில் என்பிஎம் அதை மீட்டுவைத்தது. பொதுவில் வெச்சா திருத்தம் எல்லாருக்கும் போகும், பிழையும் அப்படித்தான்.

அப்போ என்ன செய்யணும்?

பதிப்பு எண்ணை மதிக்கணும். 2.3.1 என்பதில் கடைசி எண் மாறினா, சின்ன திருத்தம். நடு எண் மாறினா, புது வசதி, பழையதும் ஓடும். முதல் எண் மாறினா, பழைய கோட் உடையலாம். எந்தப் பதிப்பு வேணும்னு 'லாக் ஃபைலில்' பூட்டி வெச்சு, சோதிச்ச பிறகே ஒவ்வொரு ஆப்பா மாத்தணும். லைப்ரரிக்குன்னு டெஸ்ட்டுகளும், பொறுப்பான ஒரு ஆளும் இருக்கணும்.

எல்லாத்தையும் பொதுவாக்கவும் வேண்டாம். ரெண்டு மூணு ஆப்புக்கு ஒரே மாதிரி தேவைப்படுவது மட்டும் போதும். அறை வாடகைக் கணக்கு அந்த ஆப்போடவே இருக்கட்டும்.

அந்த டெஸ்ட்டுகளில் முதலாவதா 'கீழ்பென்னாத்தூர்'னு கொடுத்துப் பார்க்கலாம். விடை 8 வரணும். கடைசிப் புள்ளியும் பத்திரமா இருக்கணும்.