சயரோகம் என்னும் பழம்பெயர்

காசநோய்க்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் சயரோகம். முதியோர் சிலர் இன்றும் அச்சொல்லையே, அதுவும் குரலைத் தாழ்த்திச் சொல்லக் கேட்கிறோம்.

'க்ஷயம்' என்னும் வடசொல்லே தமிழில் 'சயம்' என்றாயிற்று. தேய்தல், குறைதல் என்பது பொருள். (வெற்றியைக் குறிக்கும் சயம் வேறு.) அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரத்தின் 'அட்சய' இதன் எதிர்ச்சொல். தக்கனின் சாபத்தால் நாளும் தேய்ந்த திங்களைப் பற்றியதும் இந்நோயே என்பது புராணக் கதை. எலும்புருக்கி என்ற பெயரும், ஆங்கிலேயரின் 'கன்சம்ப்ஷன்' என்ற பெயரும் இதே மெலிவைத்தான் சுட்டுகின்றன. நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்றுதான். அதுவரை கண்ணுக்குத் தெரிந்தது தேய்வு ஒன்றே.

தேய்வே நோய் எனில் ஊட்டமும் ஓய்வும் நல்ல காற்றுமே மருந்து என்றாகிறது. 1928இல் தாம்பரத்தில் மருத்துவர் சௌரிமுத்து நிறுவியது போன்ற சானடோரியங்கள் இவ்வழியில் எழுந்தவையே. மாத்திரைகள் வந்த பின், 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றோர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே எளிய உணவுடன் வாழ்ந்தனர். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டில் உடன் வாழ்ந்தோருக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது இவ்வாய்வே.

ஆயினும் பழம்பெயரின் பொருள் நம் மனத்தை விட்டு அகலவில்லை. மருந்து தொடங்கிய இரண்டு மாதத்தில் பசி எடுக்கிறது, எடை கூடுகிறது, முகம் தெளிகிறது. தேய்வு நின்றதால் நோயும் நீங்கியது என்று கருதி மாத்திரையை நிறுத்துவோர் உளர். நுண்ணுயிரிகளுள் எஞ்சியவை அப்போதும் உடலில் உயிருடன் இருக்கும். மீண்டும் பெருகும்போது அவை பழைய மருந்துக்கு அடங்காமலும் போகலாம். வழக்கமான சிகிச்சைக்கு ஆறு மாதம் வேண்டும் என்பது இதனாலேயே. எடையைக் கண்டு நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். நிறுத்தும் நாளை மருத்துவர் சொல்வார். தட்டையும் குவளையையும் பிரித்து வைப்பதும் தேவையற்றது. இந்நோய் இருமும்போது காற்றில் பரவுவது.

இன்றைய பெயரும் முழுமையானதன்று. காசம் என்றால் இருமல். நோயோ கழுத்து நெறிக்கட்டிகளிலும் முதுகெலும்பிலும்கூட இருமலின்றி வரக்கூடும். ஆறாத கழுத்துக் கட்டியோ, மாலைதோறும் காய்ச்சலோ இருப்பின், இருமல் இல்லையே என்று காத்திராமல் வாருங்கள்.