கூரைமேல் நிற்கும் காவலாளர்

தீபாவளிக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், புடைவை வாங்கும் பொருட்டுக் கொழும்பிலே ஒரு கடைக்குச் சென்றிருந்தோம். வெளியே உச்சி வெயில். உள்ளே நுழைந்தால் குளிர்ச்சி கிட்டும் என்று எண்ணிச் சென்ற எமக்கு, வெளியிலும் அதிகமான புழுக்கமே காத்திருந்தது. கடைச் சிப்பந்திகள் வியர்வையில் நனைந்திருந்தனர். வாடிக்கையாளர் சிலர் விரித்த சேலையை அப்படியே விட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். மொட்டைமாடியில் இருந்த குளிர்சாதன யந்திரம் முற்பகலிலேயே நின்றுவிட்டதாம். அதனைத் திருத்த வந்த இளைஞருடன் முதலாளி மாடிக்கு ஏறினார். பிறர் வேலையை வேடிக்கை பார்க்கும் பழக்கம் எம்மையும் விடவில்லை. அனுமதி கேட்டு நாமும் பின்னே ஏறினோம்.

ஒரு சிறிய அறையளவு பெரிய தகரப்பெட்டி அங்கே நின்றது. வீட்டுக் குளிர்சாதனத்துக்கு உள்ளே ஒரு பாகமும் வெளியே ஒரு பாகமும் உண்டு என்பதை வாசகர் அறிவர். கடைகளுக்குரிய இவ்வகை யந்திரத்திலோ எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கும். குளிர்ந்த காற்று மாத்திரம் பெரிய குழாய்வழியே கீழிறங்கும். கடையின் வெப்பக் காற்று மற்றொரு குழாய்வழியே மேலேறும். தட்டையான கூரையுடைய அமெரிக்கக் கடைகளிலே இதுவே பெருவழக்கு. தரையில் இடம் போகாது. இரைச்சலும் வாடிக்கையாளர் காதில் விழாது. ஆனால் கண்ணிற்படாத பொருளை யார் கவனிப்பார்? அதுவே இவ்யந்திரத்தின் தலைவிதி.

குளிரூட்டும் யந்திரம் மனிதரின் சுகத்துக்காகப் பிறந்ததன்று என்பதை இவ்விடத்திற் சொல்லிவைக்கலாம். 1902ஆம் ஆண்டிலே நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரத்தினால் காகிதம் விரிந்து சுருங்க, வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியாமற் போயின. அத்தொல்லையைத் தீர்க்கவே வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் சாதனத்தை வகுத்தார். பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்த எமக்கு இதில் ஒரு சிறு பெருமை!

யந்திரத்தின் தத்துவம் கடினமானதன்று. உள்ளங்கையில் சிறிது ஸ்பிரிட்டைத் தடவினால் அது ஆவியாகும்போது கை குளிர்கிறது. அவ்வாறே, எளிதில் ஆவியாகும் திரவமொன்று செம்புக் குழாய்ச் சுருளுக்குள்ளே கொதித்து ஆவியாகி, தன்னைச் சூழ்ந்த காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அந்த ஆவியைக் கொம்பிரசர் உறிஞ்சி நெருக்குகிறது. நெருக்குண்ட ஆவி வெளியேயுள்ள மற்றொரு சுருளுக்குச் சென்று, தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்து, மீண்டும் திரவமாகிறது. பின்னர் ஓர் ஒடுங்கிய வாயில்வழியாக அமுக்கம் தணிந்து முதற் சுருளுக்குத் திரும்புகிறது. இச்சுற்று ஓயாமல் நடைபெறும்வரை கடை குளிரும்.

இங்கே நாம் மறக்கலாகாதது அமுக்கத்தின் அளவு. மோட்டார் வண்டியின் சக்கரத்திலே சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இறாத்தல் அமுக்கம் இருக்கும். R-410A என்னும் குளிரூட்டி வாயுவைக் கொண்ட யந்திரத்திலே, வெப்பமான நண்பகலில், வெளிச்சுருளின் அமுக்கம் 400 இறாத்தல் வரை ஏறுவது இயல்பு. அதற்கு முன் வழங்கிய R-22 வாயுவின் அமுக்கத்தைப் போல இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆதலாலேயே யந்திரத்துக்குள்ளே காவலாளர் சிலரை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களே காவற் சுவிச்சுகள். பாடநூல்கள் இவற்றை ‘ஆளி’ என்னும்.

அவை வரிசையாக ஒரே மின்கம்பியிற் கோக்கப்பட்டிருக்கும். இந்தக் கம்பியில் ஓடுவது பெரும்பாலும் 24 வோல்ற்று மின்சாரமே. கொம்பிரசருக்குப் பெருமின்சாரத்தை இணைக்கும் விசையை அது பிடித்துவைத்திருக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாற்போல, ஒரு சுவிச் திறந்தாலும் போதும். விசை விடுபட, கொம்பிரசர் நின்றுவிடும்.

அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 600 இறாத்தலைத் தாண்டியதும் திறப்பது உயரமுக்கச் சுவிச். வெளிச்சுருளில் தூசி அடைந்தாலோ, அதன் விசிறி நின்றாலோ இந்நிலை வரும். வாயு கசிந்து குறைந்தால் திறப்பது தாழமுக்கச் சுவிச். வாயு குறைந்தால் குளிர் குறையும், அவ்வளவுதானே என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. திரும்பிவரும் குளிர்ந்த வாயுவே இத்தகைய கொம்பிரசரின் மோட்டாரையும் குளிரச்செய்கிறது. அது குறைந்தால் மோட்டார் தன் வெப்பத்தாலேயே வெந்துபோகும். ஆண்டுதோறும் ‘காஸ் போடுதல்’ அவசியம் என்று நம் வீடுகளிலும் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. மூடிய குழாய்க்குள் சுற்றும் வாயு விளக்கெண்ணெய் போலச் செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. அதனைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயுவை மாத்திரம் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

உட்சுருளில் பனிக்கட்டி படியும்போது திறக்கும் சுவிச்சும் பல யந்திரங்களில் உண்டு. காற்று வடியைக் கழுவாது விட்டால் காற்றோட்டம் குறைந்து, சுருள் உறைந்துபோகும். அப்போது திரவம் ஆவியாகாமலே கொம்பிரசரைச் சென்றடையும். ஆவியை நெருக்கலாம், திரவத்தை நெருக்க முடியாது. ஆகவே உள்ளுறுப்புகள் முறிய நேரும்.

இனி மாடிக்குத் திரும்புவோம். இளைஞர் முதலில் மின்சாரத்தைத் துண்டித்தார். மூடியைக் கழற்றி, கொம்பிரசரின் அருகே கையைக் கொண்டுசென்றவர், தொடாமலே மீட்டுக்கொண்டார். அத்துணைச் சூடு! பின்னர் கம்பிகளை ஆராய்ந்து ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார். உயரமுக்கச் சுவிச்சின் இரு முனைகளையும் ஒரு சிவப்புக் கம்பித்துண்டு நேராக இணைத்திருந்தது. காவலாளன் வாயைப் பொத்தி யாரோ வாசலைத் திறந்துவிட்டிருந்தார்!

“முதலாளி, இந்தக் கம்பியை யார் போட்டது?” என்று கேட்டார்.

“முன்பு வந்தவர் போட்டிருப்பார். அதன்பிறகு ஒருநாளும் நிற்கவில்லையே. தம்பி, இன்றைக்கு மாத்திரம் எப்படியாவது ஓடச்செய்துவிடு. நாளை மறுநாள் தீபாவளி.”

இளைஞர் வெளிச்சுருளைக் காட்டினார். அலுமினியத் தகடுகளின் இடைவெளி எங்கும் தூசியும் புடைவை நூற்பஞ்சும் அடைந்து கம்பளிபோற் கிடந்தன. கடற்காற்றின் உப்பு சில தகடுகளை அரித்து உதிரச்செய்திருந்தது. வெப்பம் வெளியேற வழியின்றி அமுக்கம் ஏறியபோதெல்லாம் நிறுத்தியிருக்கவேண்டிய சுவிச் ஊமையாக்கப்பட்டிருந்தது. ஆயினும் கொம்பிரசரின் இரும்புக் கூட்டுக்குள்ளே, மோட்டாரின் சுற்றுகளோடு ஒட்டி, இறுதிக் காவலாளன் ஒருவன் இருக்கிறான். சூடு எல்லை மீறியதும் அவன் தானே மின்சாரத்தை அறுத்துவிடுவான். கூட்டை உடைத்தாலன்றி அவனுக்குக் கம்பி போட முடியாது.

“அது ஒன்றுதான் இன்றைக்கு உங்கள் கொம்பிரசரைக் காப்பாற்றியது. சூடு ஆறும்வரை நான் என்ன செய்தாலும் ஓடாது” என்றார் இளைஞர்.

“எவ்வளவு நேரம்?”

“இரண்டு மணித்தியாலமாவது வேண்டும்.”

முதலாளியின் முகம் கறுத்தது. பண்டிகைக்கால வியாபாரத்திலே இரண்டு மணித்தியாலம் என்பது சிறிய நட்டமன்று. அவர் உரத்த குரலில் ஏதேதோ சொன்னார். வேறு ஆளை அழைப்பதாகவும் சொன்னார். இளைஞர் மறுமொழி கூறாமல் அந்தச் சிவப்புக் கம்பியை வெட்டியெடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, நீர்க்குழாய் கேட்டார். அவருடைய நாட்கூலியும் அவ்வேலையில்தான் தங்கியிருந்தது என்பதை எண்ணுகையில், அந்த மௌனம் எமக்கு மிகப் பெரிதாகவே தோன்றியது.

சுருளை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் கழுவினார். தூசி வந்த வழியே திரும்பவேண்டும் என்பது காரணம். தகடுகள் மடங்காதபடி நீரை மெதுவாகவே பாய்ச்சினார். கரிய நீர் வெகுநேரம் ஓடியது. பழைய சுவிச்சைச் சோதித்து, அது பழுதென்று கண்டு, புதியதைப் பொருத்தினார். வாயுவின் அமுக்கத்தை அளந்தார்; குறைவில்லை.

அவர் காத்திருந்த வேளையிலே ஒன்றைக் கேட்டோம். மின்சாரம் போய் வந்ததும் குளிர்சாதனம் உடனே இயங்காததேன்? சுற்றின் இருபுறத்து அமுக்கமும் சமப்படுவதற்காக, மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை தாமதிக்கச்செய்யும் கருவி உள்ளே இருக்கிறது என்றார். அதற்குமுன் தொடங்கினால் மோட்டார் சுழலமுடியாமற் திணறும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களின்போது, வீட்டிலே பொறுமையிழந்து நாம் ஆளியை மீண்டும் மீண்டும் தட்டியது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

R-410A வாயுவுக்கும் நாட்கள் எண்ணப்படுகின்றன. புவியை வெப்பமாக்கும் அதன் ஆற்றல் கரியமிலவாயுவைப்போல ஏறக்குறைய 2000 மடங்கு என்பதால், 2016ஆம் ஆண்டின் கிகாலி உடன்படிக்கைத் திருத்தத்தின்படி நாடுகள் இத்தகைய வாயுக்களைக் குறைத்துவருகின்றன. மாற்றாக வரும் R-32 போன்றவை சிறிது தீப்பற்றும் இயல்புடையவை. ஆகவே புதிய யந்திரங்கள் பலவற்றில் கசிவை உணர்ந்து விசிறியை இயக்கும் காவலாளன் ஒருவனும் சேர்ந்திருக்கிறான்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் யந்திரம் உறுமித் தொடங்கியது. நாம் கீழே இறங்கியபோது மேசை விசிறிகளை அகற்றிக்கொண்டிருந்தனர். முதலாளி இளைஞருக்குத் தேநீர் வரவழைத்து, “அந்தக் கம்பியைக் கொஞ்சம் காட்டு தம்பி” என்றார். ஓர் அங்குலம் நீளங்கூட இல்லாத அத்துண்டைக் கையில் வைத்துத் திருப்பித்திருப்பிப் பார்த்தார். பின்னர் கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை சுருளைக் கழுவ எப்போது வருவாய் என்று கேட்டார்.